மல்லரங்கும் மக்கட் கலையும்
மெக்சிக்கோ நகர்ப்புறத்து அரங்குகள் பற்றி ஒரு நோக்கு

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சலவைக்கல்லால் எழுந்த அரங்குகளையே கணக்கில் எடுத்துக்கொள்வர். அரசர் அமைத்த நாடகசாலை, செல்வர் அமைத்த இசைமண்டபம், அரசாங்கம் அமைத்த கலைக்கழகம் ஆகியன ஏட்டில் இடம்பெறும். வேலை முடிந்தபின் தொழிலாளி தன் மனைவி மக்களோடு சென்று, மரவாங்கிற் குந்தியிருந்து, தொண்டை கட்டும்வரை கூச்சலிட்ட கொட்டகைக்கு அந்த ஏட்டிலே இடமில்லை. ஒரு சமுதாயத்தின் மிகப் பெரும்பாலான மக்கள் தமது மகிழ்ச்சியையும் கோபத்தையும் எங்கே கொட்டித் தீர்த்தார்களோ, அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு யாருடைய வரலாறு என்ற வினா எழுவது இயல்பே.

மெக்சிக்கோ நாட்டுத் தலைநகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த பழைய மல்லரங்குகள் இவ்வகையில் ஆராய்தற்குரியன. 'லூச்சா லிப்ரே' என்று அந்நாட்டார் வழங்கும் கட்டற்ற மல்யுத்தத்தைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இஃது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட பித்தலாட்டம், பாமரரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வித்தை என்பது ஒன்று. இஃது ஒரு தேசத்தின் வண்ணமிகு மரபு, உல்லாசப் பிரயாணிகள் கண்டு களிக்கத்தக்க காட்சி என்பது மற்றது. முன்னது கற்றோரின் பழைய வெறுப்பு. பின்னது கற்றோரின் புதிய ஆசை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், அரங்கினுள்ளே இருந்த மனிதரைக் காணாமையில் இரண்டும் ஒன்றே என்பது எமது கருத்து.

1

மெக்சிக்கோவில் இக்கலை மண்ணில் தானாக முளைத்ததன்று. சல்வடோர் லுத்தெரோத் என்பவர் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரிலே தொழில்முறை மல்யுத்தத்தைக் கண்டு, அதனைத் தமது நாட்டிற் கொண்டுவந்து விற்கலாம் என்று எண்ணினார். 1933ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 21ஆம் திகதி, தலைநகரின் அரேனா மொடேலோ என்னும் அரங்கில் அவரது நிறுவனத்தின் முதற் காட்சி நடைபெற்றது. 1943இல் அரேனா கொலிசெயோ என்னும் வட்ட அரங்கு எழுந்தது. நாற்புறமும் செங்குத்தாக இறங்கும் இருக்கை வரிசைகளைக் கண்ட மக்கள் அதனைப் 'புனல்' என்று அழைத்தனர். 1956இல் பழைய மொடேலோ இருந்த நிலத்திலேயே அரேனா மெக்சிக்கோ கட்டப்பட்டது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கத்தக்க அவ்வரங்கு மல்யுத்தத்தின் பேராலயம் என்று இன்றும் பெயர் பெற்றுள்ளது.

பிறந்த இடம் வேறாயினும் வளர்ந்த இடம் ஒரு கலையின் இயல்பை மாற்றிவிடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று காண்டல் அரிது. முகமூடியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மல்லர் ஒருவர் 1934இல் முகமூடி அணிந்து மெக்சிக்கோவில் களமிறங்க விரும்பியபோது, அதனைத் தைத்துக் கொடுத்தவர் லெயோன் நகரைச் சேர்ந்த அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி. சப்பாத்து அளவெடுப்பது போலவே அவர் தலையை அளந்து தைத்தார். அமெரிக்காவில் ஒரு மேடைத் தந்திரமாகவே இருந்த முகமூடி, மெக்சிக்கோவில் மல்லனின் உயிர்நிலையாயிற்று. தேசியச் சின்னம் என்று இன்று பேசப்படும் பொருள் ஒரு கைவினைஞனின் ஊசியிலிருந்து பிறந்தது என்பதை முகமூடியின் தத்துவம் பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

மல்லர் இருவகைப்படுவர். விதிப்படி, நுட்பத்தோடு பொருதுபவர் 'தெக்னிக்கோ'. விதியை மீறி, முரட்டுத்தனமாகப் பொருதுபவர் 'றூடோ'. மூன்று சுற்றில் இரண்டை வெல்பவர் வெற்றி பெற்றவராவர். முகமூடியைப் பணயம் வைத்துப் பொருதுவதே உச்சம். தோற்றவன் நடுக்களத்தில் முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும், பிறந்த ஊரையும், எத்தனை ஆண்டு தொழில் செய்தான் என்பதையும் சொல்லல் வேண்டும். அதற்குப் பின் அவன் அந்த முகமூடியை அணிதல் ஆகாது. வேதாளம் என்றும் அரக்கன் என்றும் ஆண்டுக்கணக்காகக் கூச்சலிட்டுப் பழகிய சனங்களின் முன்னே, துணி விலகியதும் நிற்பவன் ஏதோ ஓர் ஊரில் பிறந்து, இத்தனை ஆண்டு உழைத்த ஒரு மனிதன்! அந்தக் கணத்தில் அரங்கில் விழும் அமைதியை எந்தப் பெருநாடக ஆசிரியனும் விரும்பி ஏற்பான்.

2

மல்யுத்தத்தைக் கற்றோர் உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த். 1952இல் ஒரு பாரிஸ் சஞ்சிகையில் வெளியாகி, 1957இல் அவரது 'தொன்மங்கள்' என்ற நூலின் முதற் கட்டுரையாக அமைந்த எழுத்து அது. மல்யுத்தம் விளையாட்டன்று, அஃது ஒரு காட்சி. ஆகவே போட்டி உண்மையா பொய்யா என்ற வினாவே பொருந்தாது. துன்பம், தோல்வி, நீதி ஆகியவற்றை எவருக்கும் ஐயமின்றி விளங்கும் வண்ணம் பெரிதுபடுத்திக் காட்டுவதே அதன் பணி என்பது அவர் கூற்றின் சாரம். அவர் கருத்திற் கொண்டவையும் பாரிஸ் நகரின் ஒளி மங்கிய, இரண்டாந்தர மண்டபங்களே. கிரேக்க நாடகத்தோடு அக்காட்சியை ஒப்பிடும் துணிவு அவருக்கிருந்தது.

பித்தலாட்டம் என்ற வாதத்தை இக்கட்டுரை முறியடித்துவிட்டது என்றே சொல்லலாம். மேடையில் இறந்த அரசன் திரை விழுந்ததும் எழுந்து போகிறான் என்பதற்காக நாடகத்தைப் பொய் என்று எவரும் தள்ளுவதில்லை. முடிவு முன்னமே தெரிந்த கதையை ஆயிரந் தடவை பார்க்கும் வழக்கம் எல்லா மக்களினத்துக்கும் உண்டு. மேலும், மெக்சிக்கோ மக்களுக்கு முடிவு செய்யப்பட்ட போட்டி என்பது அரங்கிற்கு வெளியேதான் முதலில் அறிமுகமாயிற்று. 1929 முதல் 2000 வரை ஒரே கட்சி தொடர்ந்து அந்நாட்டை ஆண்டது. தேர்தல் தோறும் வெற்றி யாருக்கு என்பதை வாக்களிக்கும் முன்னரே அறிந்திருந்த மக்கள், மல்யுத்தத்தின் முடிவு நிச்சயிக்கப்பட்டது என்று சொல்லிச் சிரிக்கும் அறிஞரைக் கண்டு தாமும் சிரித்திருப்பர். றூடோவின் களவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, தெக்னிக்கோவின் சிறு பிழைக்கு ஓடிவரும் பக்கச்சார்பான மத்தியஸ்தர் அக்களத்தின் வழக்கமான பாத்திரங்களில் ஒருவர். அந்தப் பாத்திரத்தை அவர்கள் எங்கே கண்டு பழகினார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் பார்த்தின் நோக்கில் ஒரு பெருங்குறை உண்டு. களத்தில் நடப்பனவற்றைக் குறிகளாக, ஒரு மொழியாக, அவர் வாசித்தார். வாசித்தது செம்மையாகவே வாசித்தார். அந்தக் குறிகளைத் தன் உடம்பில் எழுதுபவன் யார், அவன் பெறும் கூலி என்ன, அந்த மண்டபம் நகரின் எந்த மூலையில் யாருடைய நிலத்தில் நின்றது என்பன அவரது கட்டுரையில் இடம்பெறவில்லை. கலையை அதன் இடத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிரித்தெடுத்தால், எஞ்சுவது அழகிய இலக்கணமே. மெக்சிக்கோவின் நகர்ப்புறத்து அரங்குகளை நோக்குங்கால் இக்குறை வெளிப்படையாகிறது. ஏனெனில் அங்கே அரங்கு நின்ற இடமே கதையின் பாதியாகும்.

3

1940இல் மெக்சிக்கோவின் தலைநகர் மாவட்டத்திலே பதினேழு இலட்சத்துக்குச் சிறிது மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 1970இல் அத்தொகை அறுபத்தெட்டு இலட்சத்தைத் தாண்டிற்று. கிராமத்தில் நிலமற்றோர் தொழிற்சாலைகளை நாடி வந்து குவிந்தனர். 1952 முதல் 1966 வரை தலைநகரின் ஆட்சித் தலைவராக இருந்தவர் எர்னெஸ்தோ உருச்சுர்த்து. நகரைத் துப்புரவு செய்வதிலும் ஒழுக்கத்தை நிலைநாட்டுவதிலும் அவர் பேரார்வம் காட்டினார். நகர எல்லைக்குள் ஏழைகளின் புதுக் குடியிருப்புகள் எழுவதை அவரது நிருவாகம் தடுத்தது. தடுக்கப்பட்ட மக்கள் மறைந்துபோகவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி, அயல் மாநிலத்து ஊர்களில் குடியேறினர். மேற்கிலும் வடக்கிலும் நௌக்கல்பான், த்லால்நெபாந்த்லா ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகளைச் சுற்றி அவர்களின் வீடுகள் பெருகின. கிழக்கில், வற்றிப்போன தெஸ்கோக்கோ ஏரியின் உவர்நிலத்தில், வெயிற் காலத்தில் புழுதியும் மழைக் காலத்தில் சேறுமாக, நெசவல்கொயோத்தில் என்ற பெருங்குடியிருப்பு எழுந்தது. 1963இல் தனி நகரசபையாகிய அவ்வூரில் 1970 அளவில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

இதே ஆட்சிக் காலத்திலேதான் மல்யுத்தத்தின் மீதும் தடைகள் விழுந்தன. 1950இல் தொடங்கிய மெக்சிக்கோத் தொலைக்காட்சியில் முதலில் விரும்பிக் காட்டப்பட்டவற்றுள் மல்யுத்தமும் ஒன்று. சிறுவர் பார்த்துக் கெட்டுப்போவர் என்ற காரணங்காட்டி, அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அது திரையினின்றும் நீக்கப்பட்டது. பெண்கள் மல்யுத்தம் செய்வதும் தலைநகர எல்லைக்குள் தடைசெய்யப்பட்டது. அத்தடை நீங்க 1986 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்து ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் தகும். வீடில்லாத மனிதனையும், பொருதும் பெண்ணையும் ஒரே கோடு வெளியே தள்ளியது. இருவரும் சென்று சேர்ந்ததும் ஒரே பக்கமே. தலைநகரில் களமிறங்க முடியாத இர்மா கொன்சாலெஸ் போன்ற புகழ்பெற்ற பெண் மல்லர்கள் வெளியூர் அரங்குகளிலேதான் முப்பது ஆண்டுகாலம் இக்கலையை உயிரோடு வைத்திருந்தனர். பெருநகரத்து விமர்சகர் 'இரண்டாந்தரம்' என்று சொல்லும் இந்த அரங்குகள் இல்லாதிருந்தால் மெக்சிக்கோவின் பெண்கள் மல்யுத்தம் இன்று ஒரு கதையாகவே இருந்திருக்கும். மையம் துரத்தியதை விளிம்பு காத்தது.

தொலைக்காட்சித் தடைக்கும் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. மல்யுத்தம் பார்க்க விரும்பியவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு அரங்குக்குப் போக வேண்டியவனானான். தடுக்க எண்ணியவர்களே அரங்கை வாழ வைத்தார்கள். அண்டை நாட்டில் தொலைக்காட்சி மல்யுத்தத்தை வீட்டுக் கூடத்துப் பொருளாக்கிய அதே காலத்தில், மெக்சிக்கோவில் அது கூடி நின்று பார்க்கும் கலையாக, வேர்வையும் தோளும் உரசும் கலையாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

4

இவ்வரங்குகளுள் தலையாயது எல்லைக் கோட்டிலேயே, நௌக்கல்பான் பக்கத்தில் நின்ற எல் தொரேயோ. 'நான்கு வழி' எனப் பொருள்படும் குவாத்ரோ கமினோஸ் என்னும் சந்தியில் நின்றமையால் அப்பெயரும் சேர்த்தே வழங்கிற்று. அதன் வரலாறு ஒரு நகரத்தின் வரலாற்றையே சுருக்கிச் சொல்கிறது. தலைநகரின் கொண்டேசா பகுதியில் 1907இல் திறக்கப்பட்ட காளைப்போர் அரங்கின் உருக்குச் சட்டங்களைக் கழற்றி, எல்லைக்கு அப்பால் கொண்டுசென்று பொருத்தி, 1947இல் இவ்வரங்கைத் திறந்தனர். பழைய அரங்கு நின்ற நிலத்தில் செல்வருக்கான பெரும் பல்பொருட் கடையொன்று எழுந்தது. நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறியதும் மக்களின் களரி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

காளைகளுக்காகக் கட்டிய அவ்வரங்குக்குப் பின்னர் குவிமாடக் கூரையும் அமைந்தது. 1975இல், லுத்தெரோத்தின் நிறுவனத்திலிருந்து பிரிந்த பிரான்சிஸ்கோ புளோரெசும் ராய் மெண்டோசா முதலிய மல்லரும் தனி அமைப்பொன்றை நிறுவினர். அதன் பெருங்களமாக அமைந்தது எல் தொரேயோ. பழைய நிறுவனத்தின் கை தலைநகரில் ஓங்கியிருக்க, எதிரணி எல்லைக்கு வெளியே ஊன்றிக்கொண்டது. 1984இல் சுரங்க ரயில் அச்சந்தியை எட்டியது. அங்கே இறங்கியவர்களுக்கு முதலில் தெரிந்தது அந்தக் குவிமாடமே.

நாடு முழுவதும் 'சாந்தோ' என்று போற்றிய றொடோல்போ கூஸ்மான் ஊவெர்த்தா தம் கடைசிப் போட்டியை 1982 செப்ரெம்பர் 12ஆம் திகதி ஆடியதும் இங்கேதான். அரேனா மெக்சிக்கோ என்னும் பேராலயத்தில் அன்று. பேராலயத்தில் முடிசூடிய ஒருவன் எல்லையோரத்துக் காளைக் களத்தில் விடைபெற்றான் என்பது நிறுவனங்களின் போட்டியால் நிகழ்ந்ததாயினும், அதன் பொருத்தம் எம் மனத்தைத் தொடுகிறது.

எல் தொரேயோவின் பெருமையின்றி, அளவிற் சிறியனவாகத் தொழிலாளர் ஊர்கள் தோறும் நின்றவை வேறு பல. நௌக்கல்பானிலேயே 1977 முதல் அரேனா நௌக்கல்பான் உண்டு. ஏறத்தாழ 2400 பேர் கொள்ளத்தக்க அவ்வரங்கை அடோல்போ மொரேனோ என்பவர் நடத்தினார். 1996இல் அதனை நிலைக்களமாக்கித் தனி மல்யுத்த அமைப்பொன்றையும் தொடங்கினார். த்லால்நெபாந்த்லாவில் அரேனா லோப்பெஸ் மத்தேயோஸ், நெசாவில் அரேனா நெசா, மலைக்கு அப்பாற் குவெர்ணவாக்காவில் அரேனா இசபெல், கிழக்கே பூவெப்லா நகரில் 1953 முதல் அரேனா பூவெப்லா எனப் பட்டியல் நீளும். கொங்கிறீற்றுப் படிகள், தகரக் கூரை, கயிறு கட்டிய சதுரக் களம், வாசலில் முகமூடி விற்கும் கிழவி, நடைபாதையில் தின்பண்டம் விற்கும் பையன்: கட்டடக் கலைஞர் எவரும் இவற்றை வியந்து எழுதியதில்லை. ஆயின் முன்வரிசைக்கும் களத்துக்கும் இடையே கையெட்டும் தூரமே இருந்தது. மல்லன் கயிற்றின் மேலாகப் பாய்ந்து மக்களின் மடியில் விழுந்தான். நடிகனும் சுவைஞனும் இத்துணை நெருங்கி நிற்கும் அரங்கை ஐரோப்பிய நாடகச் சீர்திருத்தக்காரர் பலர் ஆண்டுக்கணக்காகத் தேடினர். நௌக்கல்பான் தொழிலாளிக்கு அது ஞாயிறுதோறும் கிடைத்தது.

இங்கே சுவைஞன் வாய்மூடி இருப்பவனல்லன். கிழவிகள் எழுந்து நின்று றூடோவை வைவர். அவனும் திரும்பி வைவான். ஒரு பகுதியார் வேண்டுமென்றே றூடோவை ஆதரிப்பர். நாள் முழுதும் மேற்பார்வையாளனுக்குப் பணிந்து நின்றவன், விதியை மீறுபவனைக் கொண்டாடுவதில் ஒரு நியாயம் இல்லையா? போட்டி மனத்துக்குப் பிடித்துவிட்டாற் சனங்கள் களத்திற்குள் நாணயங்களை வீசுவர். வென்றவனும் தோற்றவனும் குனிந்து பொறுக்கிப் பகிர்ந்து கொள்வர். விமர்சனம் என்ற சொல்லை அறியாத மக்களின் விமர்சனம் அது. தம் கூலியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, நல்ல வேலைக்கு நல்ல விலை என்று தீர்ப்புக் கூறுகிறார்கள்.

5

இவ்விடத்து நேர்மையான ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். வாரமெல்லாம் அடக்கிய கோபத்தை ஞாயிறு மாலையில் கத்தித் தீர்த்துவிட்டுத் திங்கட்கிழமை மீண்டும் பணிந்து போகும் தொழிலாளிக்கு இவ்வரங்கு விடுதலையா, மயக்க மருந்தா? பொய்க் களத்தில் நீதி கிடைத்த மகிழ்ச்சி மெய்க் களத்தில் நீதி கேட்கும் வேகத்தைத் தணித்துவிடாதா?

இம்மறுப்பில் உண்மையில்லை என்று நாம் கூறவில்லை. சாந்தோவின் கதையே அதற்குச் சான்று. துலான்சிங்கோவிற் பிறந்து, தலைநகரின் ஏழைப் பகுதியாகிய தெப்பித்தோவில் வளர்ந்த அவர், 1942இல் வெள்ளி முகமூடியோடு களமிறங்கியபோது ஒரு றூடோ. பல ஆண்டு றூடோவாகவே இருந்தார். 1952இல் ஹோசே குருஸ் வெளியிடத் தொடங்கிய படக்கதை அவரை ஏழைகளின் காவலனாக்கியது. பின்வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களில் அவர் பிசாசுகளையும் பைத்தியக்கார விஞ்ஞானிகளையும் அடக்கினார். படத்துச் சாந்தோ நேர்த்தியான உடையணிந்து, விலையுயர்ந்த காரில் சென்று, பொலிஸ் அதிகாரிகளுக்குத் துணை நின்றார். தெப்பித்தோவின் வாடகைக்காரனை விரட்டும் வீட்டுச் சொந்தக்காரன் அப்படங்களில் எதிரியாக வந்ததில்லை. எதிரி வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தான். மக்களின் வீரனை மக்களின் வாழ்விலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது என்பதற்கு இத்திரைப்படங்கள் நல்ல பாடமாகும்.

ஆயின் மக்கள் தம் பொருளை மீட்டுக்கொள்ளவும் வல்லவர்கள். 1985 செப்ரெம்பர் 19ஆம் திகதி தலைநகரைத் தாக்கிய பூகம்பத்தில் பல்லாயிரவர் வீடிழந்தனர். குடியிருப்போர் சங்கங்கள் எழுந்தன. 1987இல் சிவப்பும் மஞ்சளுமான உடையில், முகமூடியோடு ஒருவன் தோன்றினான். 'சுப்பர்பாரியோ' என்று பெயர். சேரியின் மாவீரன் என்று கொள்ளலாம். குடியெழுப்பும் உத்தரவோடு ஆட்கள் வந்த வீட்டு வாசலில் அவன் நின்றான். ஊர்வலத்தின் முன்னே நடந்தான். அதிகாரிகளின் மேசைக்கு எதிரே முகமூடியைக் கழற்றாமல் அமர்ந்தான். அவனது வலிமை தோளில் இருந்ததன்று. பின்னால் நின்ற மக்கட் கூட்டத்தில் இருந்தது. றூடோ யார், பக்கச்சார்பான மத்தியஸ்தர் யார் என்று சொல்லித்தரும் தேவை அந்தக் கூட்டத்துக்கு இருக்கவில்லை. அதனை அவர்கள் அரங்கிலேயே படித்திருந்தனர்.

ஆகவே மயக்க மருந்தா, விழிப்பா என்ற வினாவுக்கு விடை கலைவடிவத்துக்குள் மட்டும் இல்லை. அதனை யார் வைத்திருக்கிறார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதிலே தங்கியுள்ளது. படமுதலாளியின் கையில் பொலிஸின் தோழனான முகமூடி, குடியிருப்போர் சங்கத்தின் கையில் குடியெழுப்பலுக்கு எதிரியாயிற்று.

ஒக்டாவியோ பாஸ் 1950இல் வெளியிட்ட நூலில், மெக்சிக்கோ மனிதன் தன்னை மூடிக்கொள்ள முகமூடி அணிகிறான், அது அவனது தனிமையின் அடையாளம் என்ற கருத்தை விரித்தார். பெருங்கவிஞரின் கூற்றாதலின் அது வேதவாக்காயிற்று. மல்லரங்கின் முகமூடி இக்கருத்துக்கு இசைவதாயில்லை. அது தனிமையின் அடையாளமன்று. பலர் ஒருவராகும் வழி. ஒரே முகமூடியைத் தந்தைக்குப் பின் மகன் அணிகிறான். வாசலில் வாங்கிய துணி முகமூடியோடு நூறு சிறுவர் ஒரே வீரனாகின்றனர். தேசத்தின் ஆன்மாவைப் பற்றிப் பேசுமுன் பாஸ் ஓர் ஞாயிறு மாலையைப் புழுதி நிறைந்த ஏதேனும் ஓர் அரங்கிற் கழித்திருப்பின் அந்த அத்தியாயம் வேறு விதமாக அமைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. இவ்வகையில், சாந்தோ என்னும் தொன்மத்தை ஏளனமின்றியும் மயக்கமின்றியும் ஆராய்ந்த கார்லோஸ் மொன்சிவாயிசும், முகமூடியோடேயே வீட்டில், குடும்பத்தார் நடுவே இருக்கும் மல்லர்களைப் பல்லாண்டு படம்பிடித்த லூர்தெஸ் குரோபெற்றும் நமக்குச் சரியான வழியைக் காட்டினர். குரோபெற்றின் படங்களிலே வீரன் குசினியில் நிற்கிறான். அந்த ஒரு காட்சி பல தத்துவ நூல்களுக்குச் சமானம்.

6

உழைப்பு என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். முடிவு நிச்சயிக்கப்பட்டதாயிருக்கலாம், விழுகை நிச்சயமாகப் பொய்யன்று. பலகையின் மேல் மெல்லிய விரிப்பு; அதன் மேல் வாரந்தோறும் விழும் முதுகு. 2015 மார்ச் மாதத்தில் திகுவானா நகரில், பேரோ அகுவாயோ என்னும் புகழ்பெற்ற மல்லரின் மகன், பல்லாயிரவர் அறிந்த வீரன், களத்திலேயே அடிபட்டு இறந்தார். பெயர் பெற்றவர்களின் நிலை இதுவாயின், சிற்றரங்குகளில் வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டு மாலையில் முகமூடி அணிபவர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. தலைநகரின் வடகிழக்குப் புறத்தில் அனாதைச் சிறுவருக்கு இல்லம் நடத்திய ஒரு கத்தோலிக்க குரு, அவர்களுக்கு உணவிடப் பணமின்றி, 'பிறாய் தோர்மெந்தா' என்ற பெயரில் முகமூடி அணிந்து இருபது ஆண்டுக்கு மேல் பொருதினார். பின்னர் அமெரிக்கத் திரையுலகம் அவர் கதையைத் தழுவி 2006இல் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தது. ஒரு நாட்டில் பிள்ளைகளுக்குச் சோறிட ஒரு குருவானவர் அடிவாங்க வேண்டியிருந்தது என்பதில் நகைப்புக்கு இடமெங்கே என்பதை அப்படம் சிந்திக்கவில்லை.

அரங்குகளின் தேய்வும் அவற்றின் பிறப்பைப் போலவே பொருளாதாரக் காரணங்களால் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மல்யுத்தம் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது. 1992இல் அந்தோனியோ பெஞா, பெருந்தொலைக்காட்சி நிறுவனமாகிய ரெலெவிசாவின் பக்கபலத்தோடு, 'திரிப்ளே ஆ' என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். ஒளியும் ஓசையும் பெருகின. காட்சி கமெராவுக்கு ஏற்றபடி மாறியது. எல் தொரேயோவை நம்பியிருந்த அமைப்பு 1995இல் மூடப்பட்டது. 2008 அளவில் அரங்கின் இடிப்பு வேலை தொடங்கிற்று. இன்று அவ்விடத்தில் நிற்பன பேரங்காடியும் அலுவலகக் கோபுரங்களும். 1907இன் உருக்குச் சட்டம் ஒரு கடைக்காக இடம்பெயர்ந்தது. நூறு ஆண்டின் பின் இன்னொரு கடைக்காக அழிந்தது. முதல் தடவை அதற்குப் போக ஓர் எல்லைப்புறம் இருந்தது. இரண்டாம் தடவை எல்லைப்புறமே விலைப்பட்டுவிட்டது.

2018இல் மெக்சிக்கோ நகர அரசாங்கம் மல்யுத்தத்தை நகரின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுரிமை என்று பிரகடனஞ் செய்தது. இதனை நாம் வரவேற்கலாம். ஆயின் சிறிது நின்று யோசிக்கவும் வேண்டும். ஒருகாலத்தில் திரையிலிருந்து விலக்கி, பெண்களை விரட்டி, ஒழுக்கக்கேடு என்று கடிந்த அதே நகரம் இன்று அதனைத் தன் சொத்து என்கிறது. தொட்டுணரவியலாதது என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. பிரகடனம் மரபைக் காக்கும், கூரையைக் காக்குமா? மல்லனின் முறிந்த தோளுக்கு மருந்து தருமா? 2025 ஏப்பிரிலில் அமெரிக்காவின் டபிள்யூ டபிள்யூ ஈ நிறுவனம் 'திரிப்ளே ஆ'வை வாங்குவதாக அறிவித்தது. 1929 அளவில் எல் பாசோவிலிருந்து கடனாக வந்த கலை, மெக்சிக்கோத் தொழிலாளரின் கையில் புது உருவம் பெற்று, இன்று வட்டியும் முதலுமாக அதே எல்லையைத் தாண்டிப் போகிறது. மரபுரிமை என்று அறிவித்த பத்திரத்தில் இதற்குத் தடையொன்றும் இல்லை.

7

பழைய அரங்குகளெல்லாம் அப்படியே நிற்க வேண்டும் என்பது நமது வாதமன்று. கண்ணீர் விட்டுப் பழமை பேசுவது முற்போக்காளரின் வழியும் அன்று. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் இருந்தவனுக்கு நல்ல கூரை கிடைக்குமாயின் அது நல்லதே. ஆனால் எல் தொரேயோவின் சனங்களுக்கு நல்ல கூரை கிடைக்கவில்லை; கூரையே இல்லாமற் போயிற்று. பேரங்காடியில் அவர்கள் வாங்குவோராக வரலாம். கூச்சலிடுவோராக வர முடியாது. காசு கொடுத்துப் பொருள் பெறுவதற்கும், நாணயத்தை வீசித் தீர்ப்புக் கூறுவதற்கும் உள்ள தூரமே ஒரு களரிக்கும் கடைக்கும் உள்ள தூரம்.

அரேனா நௌக்கல்பானும் அரேனா பூவெப்லாவும் போன்றவை இன்னும் நின்று காட்சி நடத்துகின்றன. அவற்றைப் பற்றி எழுதப் புகும் விமர்சகர் முகமூடியின் வண்ணத்தை வருணிப்பதோடு அமையாது, அதனைத் தைத்தவர் யார், அணிந்தவர் என்ன பெற்றார், பார்த்தவர் எங்கிருந்து வந்தார், அரங்கு நிற்கும் நிலம் யாருடையது என்ற நான்கு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்கள் மல்யுத்தத்துக்கு மட்டும் உரியனவல்ல. எந்த நாட்டிலும், மக்கள் கூடிச் சிரித்துக் கோபித்துத் தம்மைத் தாமே கண்டுகொள்ளும் எந்தக் கலைக்கும் இவை பொருந்தும். கலையைக் காப்போம் என்று சொல்வோர் முதலில் அக்கலையின் மக்கள் கூடியிருக்க ஓரிடத்தைக் காத்துக் கொடுக்கட்டும். கலையை அம்மக்கள் தாமே காத்துக்கொள்வர்.